வெள்ளைப் பக்கம் வெளியே

ஜூன் 11

பள்ளி திறந்து மூன்று நாள் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்புதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் என்று இதுவரை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆள் இளநீர் வெட்டுகிறவர். வாழ்க்கை தீர்மானமாவதற்கு முன்னால் பதினான்கு நோட்டுக்கு அட்டை போட்டாக வேண்டும் என்பதால் பேச்சி வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்தால் அவளே வந்து கேட்டைத் திறப்பாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தான்.

பேச்சி என்பது பேச்சியம்மாள். பேரில் மட்டும்தான் பேச்சு. அவள் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன். நான் சுடர்க்கொடி. பட்டாசுக்குப் பேர் போன சிவகாசியில் பிள்ளைக்குச் சுடர் என்று பேர் வைத்தவர்களின் துணிச்சலை என்ன சொல்ல!

எங்கள் ஊரில் யாரும் அட்டைத் தாள் வாங்குவதில்லை. அச்சாபீஸ் வேலைக்காரர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். பேச்சியின் அப்பா மாரிக்கனி மாமா தாழம்பூ ஆப்செட்டில் நாலாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறார். புது வேலை தொடங்கும்போது கலர் சரியாக விழும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்களாம். பழைய வேஸ்ட் தாளையே திரும்பத் திரும்ப விடுவார்கள். அதனால் ஒரே தாளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்று படம் விழுந்து கிடக்கும். பின்பக்கம் சுத்த வெள்ளை. வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடித்தால் நோட்டு அட்டை தயார்.

மாமா ஒரு கட்டுத் தாளை விரித்துப் போட்டார். முருகன் மேல் பிரஷர் குக்கர். மாரியம்மன் மேல் பனியன் விளம்பரம்.

"மாமா, முருகன் குக்கர்ல வேகுறாரா, விசிலடிக்கிறாரா?"

"அவுக ஏற்கெனவே ரெண்டு வீட்டுச் சமையலப் பாக்குறவுக. குக்கர் இருந்தா தேவலைதான தாயி?"

மாமாவிடம் மட்டும் என் வாய் தோற்றுப்போகும்.

"புதுப்படத்துத் தாள் ஏதும் இருக்கா மாமா?" என்று கட்டைக் கிளறினேன்.

"அதெல்லாம் வெளிய வராது. படம் வர்ற வரைக்கும் அந்த வேலைத் தாளு ஒண்ணு கேட்டத் தாண்டக் கூடாது. வேஸ்டெல்லாம் கட்டிங் மெஷின்ல கீத்துக் கீத்தாப் போயிரும். இது பூராம் பழசு."

பதினான்கு நோட்டுக்கும் பேச்சிதான் அட்டை போட்டாள். நான் மடித்தால் நோட்டு வேட்டி கட்டின மாதிரி இருக்கிறதாம்.

ஜூன் 14

பேச்சியின் ரகசியத்தை எங்காவது எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இணையத்தில் 'ஒரே வானம்' என்று ஒரு குழு. நாற்பதாயிரம் பேர். ஒரே நம்பிக்கை: வெண்குடை பிலிம்ஸின் மின்தும்பியும், ஏழ்கடல் ஸ்டுடியோஸின் கருங்கல்லனும் ஒரே உலகத்தில் வாழ்கிறார்கள், ஒருநாள் ஒரே படத்தில் வருவார்கள். மின்தும்பி, கரண்ட் கம்பத்தில் ஏறி அடிபட்டுச் சிறகு முளைத்த லைன்மேன் மகள். கருங்கல்லன், குவாரியில் புதைந்து கல்லாகி எழுந்து வந்தவன். இரண்டு கம்பெனி முதலாளிகளும் ஒரு காலத்தில் கூட்டாளிகளாம். சண்டை போட்டுப் பிரிந்து ஒன்பது வருடம். ஒரே மேடையில் ஏறுவதில்லை. ஒரே படம் எடுப்பார்களாம்!

அந்தக் குழுவில் 'தும்பிவால்' என்ற பேரில் எழுதுவது பேச்சி. மின்தும்பி முதல் படத்தில் வருகிற மின்கம்பத்தின் எண் 4417. கருங்கல்லன் இரண்டாம் படத்தில் அவன் வீட்டு மீட்டர் பெட்டியிலும் 4417. அதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். முதலாளிகள் முறைத்துக்கொண்டாலும் கதை எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நான்கு பக்கம் எழுதினாள். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டாள். யாராவது புரளி கிளப்பினால், "தும்பிவால் அண்ணன் சொல்லட்டும், அப்புறம் நம்புவோம்" என்கிறார்கள். வகுப்பில் 'உள்ளேன் டீச்சர்' என்பதையே காற்றில் சொல்கிறவள், நாற்பதாயிரம் பேருக்கு அண்ணன்.

நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். நான் எழுதினால் நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போடுவார்கள். அதில் ஒன்று பேச்சி.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை.

ஜூன் 19

வேதியியல் வகுப்பில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது (நானாகக் கவிழ்க்கவில்லை, இந்தத் தடவை). நோட்டு அட்டை ஊறிக் கிழிந்தது. வீட்டுக்கு வந்து கழற்றி உலர்த்தினேன். உள்பக்கம் பார்த்ததும் கொஞ்ச நேரம் அம்மா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

அடியில் போன வருடக் காலண்டர்க் கருங்கல்லன். மார்பை விரித்து நிற்கிறான். அவன் மேல் மின்தும்பி விழுந்திருக்கிறாள். சரியாக அவன் நெஞ்சின் நடுவில். கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வருகிற மாதிரியே இருக்கிறது. இரண்டு ஆளுக்கும் ஒரே வெளிச்சம். உட்கார்ந்து வரைந்தாலும் இப்படி வராது.

மின்தும்பிக்கு நாலு சிறகு. செம்பு நிறம். இதுவரை வந்த படங்களில் அவளுக்கு இரண்டுதான்.

ஜூன் 20

பேச்சியை ஒரே ஒரு தடவை ஏமாற்றிவிட்டால் என் பள்ளி வாழ்க்கை நிறைவு பெறும்.

ஜூன் 22, ஞாயிறு

'நம்பகமான வட்டாரம்' என்ற பேரில் புதுக் கணக்கு ஒன்று திறந்தேன். கிழிந்த ஓரத்தை மறைத்துப் படம் எடுத்து, கொஞ்சம் மங்கலாக்கி, குழுவில் போட்டேன். "இரண்டு கம்பெனியும் கையெழுத்துப் போட்டாச்சு. இது உள்ளே சுற்றுகிற மாதிரிப் போஸ்டர். இதற்குமேல் கேட்காதீர்கள், என் வேலை போய்விடும்." கடைசி வரி என் சொந்த மசாலா.

எனக்கு முன் அனுபவம் உண்டு. போன வருடம் 'நாளை முழுநாள் மின்தடை' என்று பள்ளிப் பலகையில் ஒட்டி ஊரையே அரிசி மாவு அரைக்க வைத்தவள் நான். அன்றைக்கு யாருக்கும் நஷ்டமில்லை. எல்லார் வீட்டிலும் இரண்டு நாள் இட்லி.

சாயங்காலத்துக்குள் பதினோராயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவன் அழுவதைப் படம்பிடித்துப் போட்டிருக்கிறான். இன்னொருவன் சிறகுகளை எண்ணி, நாலு சிறகுக்கு நாலு படம் என்று முடிவே கட்டிவிட்டான்.

எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: தும்பிவால் அண்ணன் எங்கே?

ஜூன் 23

காலை இடைவேளையில் பேச்சி என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். சிரிப்பை உதட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனேன்.

"பாத்தியா அந்தப் படத்த?"

"ஆமாடி! உன் கனவு பலிச்சிருச்சு. பார்ட்டி எப்ப?"

"சும்மா இரு சுடரு. அது போஸ்டர் இல்ல. வேஸ்ட் தாளு."

ஒரு நொடிகூட ஏமாறவில்லை. மெஷினில் கலர் சரிபார்க்க ஓரத்தில் விழுகிற கலர்ப் பட்டையைப் பார்த்ததுமே தெரிந்ததாம். பிறந்ததிலிருந்து அந்தத் தாளில் சாப்பிட்டு, அந்தத் தாளில் அட்டை போட்டு வளர்ந்தவள். அவளிடம் போய் நான்!

"அப்ப குழுவுல சொல்லிர வேண்டியதுதான? அண்ணன் வாக்கு அருள்வாக்கு."

"எப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல? சிவகாசி வேஸ்ட் தாளுன்னா எந்த பிரஸ்ஸுன்னு கேப்பாங்க. அந்தச் சிறகு புதுசுடி. இன்னும் வெளிய வராதது. எங்கப்பா மெஷின்லதான் இப்ப மின்தும்பி நோட்டு அட்டை ஓடுது."

மணி அடித்தது. அவள் நகரவில்லை.

"யாரு எடுத்திருப்பா சுடரு? பிரஸ்ல கூட வேலை பாக்குறவுக யாரோ. அப்பாவ மாட்டிவிடணும்னே செஞ்சிருக்காங்களோ?"

அப்போது சொல்லியிருக்கலாம். என் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். "கண்டுபிடிச்சிருவோம் விடு" என்றுதான் வந்தது.

ஜூன் 24

தும்பிவால் எழுதிவிட்டாள். "அந்தப் படம் பொய். கம்ப்யூட்டரில் ஒட்டியது. நம்ப வேண்டாம்." அவ்வளவுதான். ஆதாரம் இல்லாமல் அவள் எழுதிய முதல் வரி.

ஆதாரம் எங்கே அண்ணே என்று முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 26

வெண்குடை பிலிம்ஸ் அறிக்கை விட்டிருக்கிறது. கூட்டுப் படம் எதுவும் கிடையாதாம். ஆனால் மின்தும்பியின் புதிய தோற்றம் அனுமதியின்றி வெளியாகிவிட்டது, யாரென்று விசாரிக்கிறோம் என்கிறார்கள்.

அப்படியென்றால் படம் நிஜம். அப்படியென்றால் தும்பிவால் பொய்யன். குழு ஒரே மணி நேரத்தில் கணக்குப் போட்டு முடித்துவிட்டது. 'புளுகுவால்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வேறு நாளாக இருந்தால் சுமாரான பேர் என்று நானே மார்க் போட்டிருப்பேன்.

'நம்பகமான வட்டார'த்தை அழித்துவிட்டேன். எனக்கு என்ன தெரியும், வெறும் வேஸ்ட் தாள் என்றுதானே நினைத்தேன்?

ஜூன் 27

வேதியியல் நோட்டுக்குக் கடையில் பிரவுன் தாள் வாங்கி நானே அட்டை போட்டேன். வேட்டி கட்டின மாதிரிதான் இருக்கிறது. இந்த நாட்குறிப்புக்கும் ஒரு வெள்ளை அட்டை போட்டாயிற்று.

ஜூலை 1

சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்திருந்தாராம். தாழம்பூ ஆப்செட்டில் மெஷினை எல்லாம் நிறுத்தி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்களாம். அந்த அட்டை வேலையை இந்த ஒரு பிரஸ்ஸுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அடியில் விழுந்த கருங்கல்லன் காலண்டர் போன வருடம் நாலாம் நம்பர் மெஷினில் ஓடியது. இரண்டும் சந்தித்த இடம் மாரிக்கனி மாமா.

மாமா மறைக்கவில்லை. "பிள்ளைக நோட்டுக்குப் பழைய தாள் ஒரு கட்டு எடுத்துட்டுப் போனேன் அண்ணாச்சி. ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாக்கல. அதுல ஒண்ணு கலந்திருக்கும். எந் தப்புதான்" என்று முதலாளி அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். எல்லாரும் எடுத்துப் போகிறார்கள். சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம்.

பேச்சியின் அம்மா வந்து எங்கள் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டுப் போனார். நான் உள் அறையில் கணக்குப் போட்டேன். ஒரே கணக்கை மூன்று தடவை.

ஜூலை 3

பேச்சி இன்று பள்ளிக்கு வந்தாள். மாமா அவளிடம் கேட்டிருக்கிறார், நீதானா என்று. அவள் இல்லை என்றிருக்கிறாள். மாமா நம்பவில்லை. மகள் ராத்திரி பகலாக அந்தக் குழுவில் கிடப்பது வீட்டுக்கே தெரியும். வீட்டில் கிடந்த தாள் வேறு எப்படி அங்கே போகும்?

மதியம், கேட்காமலேயே என் பையைத் திறந்தாள். நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அடுக்கினாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. பதிமூன்று. அவள் மடித்த மடிப்பு. பதினான்காவது பிரவுன்.

அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"தண்ணி கொட்டிருச்சுடி. கிழிஞ்சு போச்சு, தூரப் போட்டுட்டேன்" என்றேன். அவள் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"ம்" என்றாள். எல்லாவற்றையும் பழையபடி பைக்குள் வைத்து ஜிப்பை மூடிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 9

அண்ணாச்சி ஒரு வழி சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர்களுக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. படத்தை வெளியிட்ட ஆள் நான்தான் என்று எழுதி மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை முடித்துக்கொள்வார்கள். மாரிக்கனி மெஷினுக்குத் திரும்பி வரலாம்.

பேச்சி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

நேற்றே கொடுத்தாளாம். எனக்கு இன்று வகுப்பில் வேறொருத்தி சொல்லித்தான் தெரியும். பேச்சியிடம் ஓடினேன்.

"ஏன்டி அப்படி எழுதின? நீயா செஞ்ச?"

என்ன கேள்வி! எந்த வாயால் கேட்டேன்!

"அப்பாக்கு மெஷின் வேணும்" என்றாள்.

"அதுக்காக?"

"வேற யாரும் எழுதிக் குடுக்கலையே."

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

ஜூலை 10

மாமா வேலைக்குப் போய்விட்டார். ஆகவே பிரச்சினை தீர்ந்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

ஜூலை 11

மேலே எழுதியதைப் படித்தேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 27

அம்மா மிளகாய்ப் பொடி கொடுத்தனுப்பினாள் என்பதால் பேச்சி வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. மணியை மூன்று தடவை அடித்தேன். அவள் அம்மா வந்து திறந்தார்.

மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேச்சி ரசம் ஊற்ற வந்தாள். மாமா தட்டின் மேல் கையைக் குடை மாதிரி வைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "ரசம் ஊத்து" என்றார். பேச்சி ரசத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். பழகிப்போன மாதிரி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னிடம் மட்டும், "நல்லாப் படிக்கியா தாயி?" என்று கேட்டார். ஒரு குக்கர் கிடையாது, முருகன் கிடையாது. மூலையில் தாள் கட்டு எதுவும் இல்லை. பேச்சியின் போன் அலமாரி மேல் அணைந்து கிடந்தது.

"அவருக்கு வேலை போனதுகூடப் பெருசாத் தெரியல. மக பொய் சொல்லிட்டான்னுதான். மொதல்ல இல்லைன்னா, அப்புறம் ஆமான்னு எழுதிக் குடுத்தா. எது நெசம்னு அந்த மனுஷனுக்குத் தெரியல" என்று கேட் வரை வந்த அத்தை சொன்னார்.

ஆகஸ்ட் 20

மாதாந்திரத் தேர்வு. வேதியியலில் நான் எண்பத்தொன்று. பேச்சி முப்பத்தெட்டு. ஜெபக்கனி மிஸ் அவளை நிற்க வைத்து, "பேச்சியம்மாள், உனக்கு என்ன ஆச்சு?" என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. என்னையும் சேர்த்து.

செப்டம்பர் 13

பேச்சி முன் பெஞ்சுக்கு மாறிவிட்டாள். கரும்பலகை சரியாகத் தெரியவில்லையாம். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். ஓடுகிற படத்தில் மீட்டர் பெட்டி எண்ணை வாசித்தவள்.

பக்கத்தில் இப்போது என் பை உட்கார்ந்திருக்கிறது. நான் சொல்கிற ஜோக்குக்கு அதுவும் சிரிப்பதில்லை.

அக்டோபர் 12

எழுத வேண்டும் என்று உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

இன்று மேடையில் இரண்டு முதலாளிகளும். ஒன்பது வருடம் கழித்து. வெண்குடையும் ஏழ்கடலும் சேர்ந்து ஒரு படம் எடுக்கிறார்களாம். மின்தும்பியும் கருங்கல்லனும். வெண்குடை முதலாளி சிரித்துக்கொண்டே பேசினார். "ஜூன் மாதம் ஒரு படம் வெளியானது. முதலில் எங்களுக்குக் கோபம். அப்புறம் ரசிகர்கள் அதைக் கொண்டாடுவதைப் பார்த்தோம். நாங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தபோது ஒரு தாள் எங்களைச் சேர்த்துவைத்துவிட்டது."

பின்னாலிருந்த திரையில் புதுப் போஸ்டர். கல்லைப் பிளந்துகொண்டு வருகிற நாலு சிறகு. என் வேதியியல் நோட்டு.

குழு இப்போது ஒரு லட்சம் பேர். 'நம்பகமான வட்டாரம்' யார் என்று தேடுகிறார்கள். கோயில் கட்ட வேண்டுமாம். கண்டுபிடித்தால் படத்தின் முதல் காட்சிக்கு அழைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். புளுகுவாலையும் மறக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல ஒட்டினதுன்னு சொன்ன அண்ணன் இப்ப எந்தக் கம்ப்யூட்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்காரு?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அதற்கு ஒன்பதாயிரம் சிரிப்புப் பொம்மை.

எனக்கு வாழ்நாளில் நான்குக்கு மேல் விழுந்ததில்லை. இன்று ஒரு வரி எழுதினால் போதும், ஒரு லட்சம் பேர் கைதட்டுவார்கள்.

4417ஐக் கண்டுபிடித்தவளுக்கு இந்தச் செய்தி தெரியுமா என்றுகூடத் தெரியவில்லை. அவள் சொன்ன எல்லாமே நடந்துவிட்டது. கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 13

சிறகு புதுசு என்று எனக்குத் தெரியும். தாளை உலர்த்திய அன்றே தெரியும். புது வேலைத் தாள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று மாமா என்னிடம்தான் சொன்னார். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், ஜூன் 11, என் கையெழுத்தில் இருக்கிறது. தெரிந்துதான் போட்டேன். பேச்சி ஏமாற வேண்டும் என்பதுகூட முழு உண்மை இல்லை. தும்பிவால் அண்ணன் எல்லார் முன்னாலும் ஒருநாள் தப்பாக இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள்.

அக்டோபர் 21

நேற்று தீபாவளி. ஊரே புகை. நான் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 24

தீபாவளி விடுமுறை முடிந்து பிரஸ் திறந்த முதல் நாள். மாலை ஐந்தரைக்கு வேலை விடும். தாழம்பூ ஆப்செட் கேட் எதிரில் சைக்கிளோடு நின்றேன். கையில் நாலாக மடித்த தாள். தூரப் போட்டுவிட்டேன் என்று பேச்சியிடம் சொன்ன அதே தாள். ஜூன் 27லிருந்து இந்த நாட்குறிப்புக்கு அட்டையாக இருந்தது அதுதான், வெள்ளைப் பக்கம் வெளியே. இவ்வளவு நாளும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

மாமா டிபன் பையோடு வந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன தாயி, இந்தப் பக்கம்?" என்றார்.

தாளை நீட்டினேன்.

பிரித்துப் பார்த்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. மெஷின்காரர் பார்வைதான் முந்திக்கொண்டது. தாளை வெளிச்சத்துக்குச் சாய்த்து, கலர்ப் பட்டையில் கட்டைவிரலை வைத்து, "மஞ்ச கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். பிறகு தண்ணீர்க் கறையைப் பார்த்தார். மடிப்பைப் பார்த்தார். மகளின் மடிப்பு அவருக்குத் தெரியாதா?

"இது எந்த நோட்டு?"

"வேதியியல். என்னோடது மாமா. பேச்சிக்குத் தெரியாது. நான்தான் போட்டேன். அவ எழுதிக் குடுத்தது பொய். மொதல்ல இல்லைன்னு சொன்னதுதான் நெசம்."

பக்கத்தில் ஆட்கள் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மாமா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நின்றேன்.

"மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. எம் பிள்ள ஊத்துன ரசத்த நான் குடிக்கல" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"அண்ணாச்சிகிட்ட இப்பவே வந்து சொல்றேன் மாமா. எழுதிக் குடுக்கேன்."

"குடுப்ப. குடுக்கத்தான் வேணும். நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வா."

எழுந்தார். தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார், வெள்ளைப் பக்கம் வெளியே. திருப்பிக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன்.

"இது பிரஸ் தாளு. வெளிய போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே கேட்டுக்குள் திரும்பிப் போனார். கட்டிங் மெஷின் பக்கம்.

அக்டோபர் 25

அம்மாவோடு போய் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி என் பேரை இரண்டு தடவை படித்துவிட்டு, பழைய கடிதத்தை எடுத்துக் கிழித்தார். பேச்சியின் கையெழுத்தை அப்போதுதான் பார்த்தேன். ஆதாரம் கேட்கிறவர்களுக்கு எழுதுகிற அதே சுத்தமான கையெழுத்து.

குழுவிலும் என் சொந்தப் பேரில் எழுதிவிட்டேன். நம்பகமான வட்டாரம் நான்தான், அது வேஸ்ட் தாள், போஸ்டர் என்று நான் சொன்னது பொய், நம்ப வேண்டாம் என்று தும்பிவால் சொன்னதுதான் சரி. யாரும் நம்பவில்லை. நான்கு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அக்டோபர் 27

பேச்சி வராந்தாவில் நின்றாள். எனக்காகத்தான் நின்றாள்.

"அப்பா சொன்னாக" என்றாள்.

"மன்னிச்சிரு பேச்சி."

"பிரவுன் அட்டையப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன்டி கேக்கல? ஒரு அறை விட்டிருக்கலாம்ல?"

"நீயாச் சொல்லுவன்னு நெனச்சேன். லெட்டர் எழுதுறதுக்கு முந்தி அஞ்சு நாள் காத்திருந்தேன். எழுதுனப்புறமும் காத்திருந்தேன். நீ மணியடிக்கும்போதெல்லாம் சொல்லத்தான் வாறன்னு நெனப்பேன். மொளகாப் பொடி கொண்டாந்த அன்னிக்குக்கூட."

என் பங்கையும் சேர்த்து அவள் பேசிவிட்டாள்.

"படத்தப் பத்திக் கேள்விப்பட்டியா? ஒன் 4417..."

"அப்பா போனத் திருப்பிக் குடுத்துட்டாக. பாத்தேன்." கொஞ்சம் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "நல்லா இருக்கட்டும்" என்றாள். முன் பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 8

செய்முறைத் தேர்வு ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுவரச் சொன்னார் ஜெபக்கனி மிஸ். கடையில் பிரவுன் தாள் வாங்கினேன். இப்போது ஓரளவு மடிக்க வருகிறது.

இந்த நாட்குறிப்புக்கு அட்டை இல்லை. போன வருடத்து டைரி, மேலே உர விளம்பரம். அப்படியே இருக்கட்டும்.

சாயங்காலம் பேச்சி தெரு வழியாக வந்தேன். வேறு வழியும் இருக்கிறது, இருந்தாலும். ஜன்னல் திறந்திருந்தது. மாமா குரல்: "பிள்ளையார் மேல வாஷிங் மெஷின் விழுந்திருச்சு இன்னிக்கு. எலிக்கு எடம் எங்கன்னு தேடுனேன் பாத்துக்கோ."

பேச்சி சிரித்தாள். சத்தமாக. அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே குறைவு. எப்போதும் நான்தானே சத்தம்.

வாஷிங் மெஷினுக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நல்ல பதில்தான். கட்டைவிரல் மணியின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன். தெருமுனை வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, அங்கே ஏறி மிதித்தேன்.